ரெனிஷுக்கு விட்ட இடம்

பிலிமுக்கு ஆத்மா உண்டு என்று யாராவது சொன்னால் கிளீட்டஸுக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறும். நாகர்கோவிலில் பெரிய இடத்துக் கல்யாணங்களுக்குத் தொப்பி வைத்துக்கொண்டு படமெடுக்கப் போகும் ரதீஷ் ஒருமுறை தெரியாமல் அப்படிச் சொல்லிவிட்டான். "ஆத்மா எல்லாம் சாமியாருக்க சோலி மக்கா. எனக்கு எடுத்தது விழுந்தாப் போரும்" என்றார் கிளீட்டஸ். ரதீஷ் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் உண்டு. இனயத்துக்குப் பக்கத்தில் கடற்கரைச் சாலையில் முப்பத்துமூன்று வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறவர் அவர். அதில் முதல் பதினைந்து வருடம் பிலிமோடுதான் மாரடித்தார். விரல் நுனியெல்லாம் மருந்துத் தண்ணீரில் வெந்து தோல் உரியும். சோறு பிசைந்தால் எரியும். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற ரோல் முழுவதும் லேபில் மெஷினுக்குள் சிக்கி நாசமாகிவிட்டது. பெண்ணின் அப்பா கோவில் முற்றத்தில் நூறு பேர் பார்க்க இவர் கன்னத்தில் அறைந்தார். அறைந்தவர் மேல் கிளீட்டஸுக்குக் கோபமில்லை. பெண்ணைப் பெற்றவர் வேறு என்ன செய்வார்? கோபமெல்லாம் பிலிம் மேல்தான். எடுத்தது விழுந்ததா இல்லையா என்று வாரக்கணக்கில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவது ஒரு தொழிலா? டிஜிட்டல் வந்ததும் விட்டது சனி என்று மாறினார். பழைய கேமராக்களை வந்த விலைக்குத் தள்ளினார். ஒன்றே ஒன்று மிஞ்சியது, அதை வாங்க ஆளில்லை.

கல்யாணங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இளவட்டங்கள் கைக்குப் போய்விட்டன. சாவு வீடு மட்டும் கிளீட்டஸுடையது. கடற்கரையில் படம் எடுக்காமல் பெட்டியை மூடுவதில்லை. மாதா கோவிலுக்குத் தூக்குவதற்கு முன்பு, பெட்டியைப் பந்தலுக்கு நடுவில் வைத்து, தலைமாட்டில் ஆண்மக்கள், அடுத்துப் பெண்மக்கள், பிறகு மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பம் வளைந்து நிற்கும். அந்த ஒரு படம் வீட்டு முன்னறையில் சட்டம் போட்டு மாட்டப்படும். யார் வந்தார், யார் எங்கே நின்றார் என்பதற்கெல்லாம் பிற்காலத்தில் அதுதான் சாட்சி. தலைமாட்டு இடத்துக்காக அண்ணன் தம்பி ஐந்து வருடம் முகம் பார்க்காமல் இருந்த வீடுகள் உண்டு.

இந்தப் படத்தில்தான் கிளீட்டஸ் கை வைத்தார். பதினாலு வருடத்துக்கு முன்னால், ஷிஜின் என்று ஒரு பையனின் அப்பா இறந்துபோனார். ஷிஜின் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தான். பாஸ்போர்ட் அரபி முதலாளி கையில். வரமுடியாமல் போனில் அவன் அழுத அழுகையைக் கேட்கச் சகிக்கவில்லை. கிளீட்டஸ் அவனுடைய படம் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டரில் வெட்டி, அப்பாவின் தலைமாட்டில் நிறுத்திக் கொடுத்தார். ஷிஜினின் தாய் இவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். பெரிய புண்ணியம் கட்டிக்கொண்டதாக நினைத்து நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு நடந்தார், மடையன்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள். முதலில் பாஸ்போர்ட் கையில் இல்லாதவர்கள் கேட்டார்கள். பிறகு லீவு கிடைக்காதவர்கள். பிறகு லீவு கிடைத்தும் ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ சேர்த்து வைத்துக்கொண்டவர்கள். முன்பெல்லாம் மகன் வரட்டும் என்று மூன்று நாள் உடலை வைத்திருப்பார்கள். அவன் திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்து இறங்கி, மண்ணில் விழுந்து புரண்டு அழுவான். இப்போது அவனே போனில் சொல்கிறான்: "எனக்காக வைக்கண்டாம். கிளீட்டஸ் அண்ணன் சேத்துருவாரு." படத்துக்கு எப்படி நிற்கவேண்டும் என்று கிளீட்டஸ் ஒரு குரல்பதிவே வைத்திருந்தார், யார் கேட்டாலும் அனுப்புவதற்கு. வெள்ளைச் சட்டை, வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து, தலை கொஞ்சம் தாழ்ந்து, கையைக் கட்டி, முழு ஆளாக. பந்தலில் குடும்பம் நிற்கும்போது, "தலமாட்டுல ஒரு ஆளுக்கு எடம் விடுங்க" என்று முதலில் சொன்னதும் அவர்தான். இப்போது சொல்லவே வேண்டாம். தாங்களாகவே விட்டு நிற்கிறார்கள்.

இந்த நிலையில்தான் போன வருடம் ஆடி மாதத்தில் குளோரி அவருடைய ஸ்டுடியோவுக்கு வந்தாள். நாற்பத்துநாலு வயது. வலைக் கம்பெனியில் வேலை பார்த்தவள். தாய் சலேத்தம்மாள் கைகால் ஒரு பக்கம் விழுந்து படுத்ததிலிருந்து, ஏழு வருடமாக வேலையை விட்டுவிட்டுத் தாயோடு இருக்கிறாள். புருஷன் கொச்சித் துறைமுகத்துப் படகில். தம்பி ரெனிஷ் கத்தாரில்.

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அண்ணே, அம்மைக்கு இனி கூடிப்போனா ரெண்டு மாசம்னு டாக்டர் சொல்லியாச்சு. அடக்கத்துக்கு நீருதான் படம் எடுக்கணும். ஆனா பிலிமுல எடுக்கணும்."

உயிரோடு இருக்கிற தாயின் அடக்கத்துக்கு முன்கூட்டியே வந்து சொல்கிறாளே என்பது ஒரு திகைப்பு. பிலிம் என்றது அதைவிடப் பெரிய திகைப்பு. "ஏட்டி, ஒனக்கு வட்டு பிடிச்சிருக்கா? இப்ப ஆரு பிலிமுல எடுக்கா?"

"வட்டுன்னே வச்சிக்கிடும். ஒரு படம் போரும். நெகட்டிவ எனக்க கையில தரணும். உமக்க கம்ப்யூட்டர்ல ஒண்ணும் கெடக்கப்பிடாது."

"அப்ப என்னை நம்பல."

"உம்ம நம்பித்தான் அப்பனுக்க படத்த விட்டோம்" என்றாள் குளோரி. "அது போரும்."

எட்டு வருடத்துக்கு முன் அவள் அப்பா இறந்தபோது ரெனிஷ் வரவில்லை. கிளீட்டஸ் சேர்த்தார். அன்று பந்தல் சிறிது. விட்ட இடம் போதவில்லை. ரெனிஷைத் தலைமாட்டில் நிறுத்தியபோது அவன் தோள் குளோரியின் முகத்துக்கு மேல் விழுந்தது. அவளைப் படத்திலிருந்தே வெட்டி எடுத்துவிட்டார். வேறு படங்களில் அவள் இருக்கிறாளே என்று நினைத்திருப்பார், அல்லது ஒன்றுமே நினைத்திருக்கமாட்டார். அன்று எடுத்த நானூறு படங்களில் சட்டம் போட்டு மாட்டியது அந்த ஒன்றைத்தான். தாயின் கட்டிலிலிருந்து பார்த்தால் நேரே தெரிகிற சுவரில்.

"அம்மைக்குப் பழசெல்லாம் மறந்து பெய்யாச்சு அண்ணே. படத்துல உள்ளதுதான் அவளுக்கு ஓர்ம. எனக்க மோன் அன்னைக்கு வந்தான், அப்பனுக்க தலமாட்டுல நின்னான்னு வாறவங்கிட்ட எல்லாம் சொல்லுகா. என்னைப் பாத்துக் கேக்கா, நீ எங்கட்டி போயிருந்த அன்னைக்குன்னு. அவளுக்க பீத்துணிய கையில வச்சோண்டு நிக்கும்போ கேக்கா."

அழுதிருந்தால் கிளீட்டஸ் தாங்கியிருப்பார். அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இவருக்குக் கோபம் வந்தது. தன் மேல் வரவேண்டிய கோபம், வழக்கம்போல எதிரில் நின்றவள் மேல் பாய்ந்தது. "பந்தல்ல நூறு பேரு போன்ல எடுப்பான், அவனுவளுக்க கையப் பிடிப்பியா? பிலிம எடுத்தாலும் ஸ்கேன் பண்ணி என்னவும் செய்யலாம். ஒண்ணும் தெரியாம பேசப்பிடாது."

"போன்ல எடுக்கவன் எடுக்கட்டு. சுவத்துல தொங்குகது ஒண்ணுதான. ஸ்கேன் பண்ணக்கூடாதுன்னுதான் நெகட்டிவ எனக்க கையில தரச் சொன்னேன்." சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். முடியும், முடியாது என்ற பதிலைக்கூட எதிர்பார்க்கவில்லை.

இரண்டு நாள் கிளீட்டஸ் வீட்டில் தட்டுமுட்டுச் சாமானோடெல்லாம் சண்டை போட்டார். கடைசியில் மனைவி லில்லிபுஷ்பத்திடம் கொட்டினார். "ஒட்டமாட்டேன்னு நான் வாக்குக் குடுத்தாப் போராதா? அதுக்குப் பிலிமு எதுக்கு?"

லில்லிபுஷ்பம் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "இனி ஒட்டமாட்டேன்னு எத்தன வட்டம் சொல்லியிருக்கீரு? அவன் கத்தார்லேந்து போன்ல விளிச்சு, அழுது ஒரு கரச்சில் கரைஞ்சா ஒட்டிருவீரு. உமக்கு இல்லன்னு சொல்லத் தெரியாது. அது அந்தப் பிள்ளைக்குத் தெரியும்."

கட்டினவள் சொன்னால் சுடத்தான் செய்யும். அன்றே அலமாரி உச்சியிலிருந்து அந்தப் பழைய கேமராவை இறக்கினார். பின்மூடியைச் சுற்றி வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு, தார் போல இளகிக் கையில் பிசுபிசுத்தது. இரண்டு ரோல் வரவழைத்தார். ஒன்றைச் சோதனைக்குப் போட்டு, கடற்கரையில் வள்ளங்களை எடுத்து, கொச்சி லேபுக்குக் கூரியரில் அனுப்பினார். நாகர்கோவிலில் இப்போது பிலிம் கழுவ ஆளில்லை. திரும்பி வந்த படங்களில் எல்லாம் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. இதுதான் உங்கள் ஆத்மாவா என்று மனதுக்குள் ரதீஷைத் திட்டினார். ஸ்பாஞ்சைச் சுரண்டிவிட்டு, லில்லிபுஷ்பத்தின் பின்னல் கூடையிலிருந்து கறுப்புக் கம்பளி நூல் எடுத்து அந்தப் பள்ளத்தில் பதித்து ஒட்டினார். சரியாகிவிட்டதா என்று சோதிக்க இன்னொரு ரோல் வேண்டும். வரவழைக்கச் சொன்னார், வரவில்லை, தாமதம் என்றார்கள்.

கையில் இருப்பது ஒரே ரோல். கோடு விழுந்தால் குளோரிக்குப் படமே இல்லை. அதனால் மனதுக்குள் ஒரு கள்ளத்தனம் வளர்ந்தது. பிலிமில் எடுப்போம், கூடவே டிஜிட்டலிலும் நாலு தட்டி வைப்போம், யாரிடமும் சொல்லவேண்டாம். பாதுகாப்புக்குத்தானே? பிலிம் கெட்டால் இது. கெடாவிட்டால் அழித்துவிடலாம். அழிப்போமா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டார். பதில் தெரிந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் சிணுங்கியது. கத்தாரிலிருந்து ரெனிஷ் ஒரு படம் அனுப்பியிருந்தான். வெள்ளைச் சட்டை. வெளிச்சம் இடப்பக்கம். தலை கொஞ்சம் தாழ்ந்து, கையைக் கட்டி, செருப்பு வரைக்கும் முழு ஆளாக நின்றிருந்தான். முகத்தில் அளவான சோகம். கீழே ஒரு குரல்பதிவு: "அண்ணே, இது போருமான்னு பாத்துச் சொல்லும். இல்லன்னா வேற எடுத்து அனுப்புகேன்."

சலேத்தம்மாள் போய்விட்டாள் என்றே கிளீட்டஸ் நினைத்தார். கோவில் சாவு மணி தனக்குக் கேட்கவில்லையா என்று சட்டையை மாட்டிக்கொண்டு குளோரியின் வீட்டுக்கு ஓடினார். அங்கே சலேத்தம்மாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். குளோரி பின்னந்தலையைத் தாங்கிக் கரண்டியால் ஊட்டினாள். இரண்டு கரண்டி இறங்கியது, மூன்றாவது வாயோரம் வழிந்தது. சலேத்தம்மாள் வந்தவரைப் பார்த்து, நல்ல தெளிவாக, "ரெனிஷா?" என்று கேட்டாள்.

கிளீட்டஸ் படியிறங்கி வெளியே வந்து, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னார். ரெனிஷை மட்டுமல்ல. அதற்கு முந்தின வருடம்தான் அவன் தன் புது மாடிவீட்டுக்குப் பால்காய்ப்பு நடத்தப் பத்து நாள் வந்திருந்தான். தாயைப் பார்க்க இரண்டு தடவை வந்தான், மூக்கில் கைக்குட்டையோடு. அதை ஊரே பேசியது. ஆனால் அந்தப் படத்தில் வெளிச்சத்தை இடப்பக்கம் வைக்கச் சொல்லிக் கொடுத்தவன் யார்? தலையை எவ்வளவு தாழ்த்தவேண்டும் என்று பழக்கியவன் யார்? தாய் கஞ்சி குடிக்கும்போது மகன் துக்கத்துக்கு நின்று படம் எடுத்து அனுப்புகிறான் என்றால், அந்த வித்தையின் வாத்தியார் இந்த மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் சலேத்தம்மாள் இறந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் கிளீட்டஸ் பழைய கேமராவை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். டிஜிட்டலைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை லில்லிபுஷ்பத்திடம் கொடுத்தார். "நான் வந்து கேட்டாலும் தராத" என்றார்.

பந்தலில் முதல் ஆளாகக் கேட்டவர் ஆன்ட்ரூஸ், சலேத்தம்மாளின் தம்பி, குளோரிக்குத் தாய்மாமன். "கிளீட்டஸு, ஒனக்க வலிய கேமரா எங்க?"

"இன்னைக்கு இதுதான்."

ஆன்ட்ரூஸ் அதற்குமேல் கவனிக்கவில்லை. கையை வீசி ஆட்களை ஒழுங்குபடுத்தினார். "எல்லாரும் ஒதுங்குங்க. தலமாட்டுல ரெனிஷுக்கு எடம் விடுங்க." குடும்பம் முழுவதும் பழகிய காலால் அரையடி நகர்ந்தது. பெட்டியின் தலைமாட்டில் ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு இடம் விழுந்தது. அதற்கு அடுத்து, கண் வீங்கிப்போய்க் குளோரி.

கிளீட்டஸ் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார். அவருடைய குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. "இன்னைக்குச் சேக்கியதெல்லாம் கெடையாது. பிலிமாக்கும். நிக்கவங்கதான் விழுவாங்க. நெருங்கி நில்லுங்க."

பந்தலில் ஒரு சலசலப்பு. ஆன்ட்ரூஸின் முகம் கறுத்தது. "ஒரே ஆண்மோன். அவன் இல்லாம என்ன படம்? ஒனக்க சோலி எடுக்கியது. எடுத்துட்டுப் போ."

கிளீட்டஸ் வாயைத் திறப்பதற்குள் குளோரி பேசினாள். "மாமா சொன்னது போல இருக்கட்டு அண்ணே. எடம் கெடக்கட்டும். அது அவனுக்கு உள்ளதுதான. நான் அதுல ஏறி நிக்கமாட்டேன்."

அவள் சொன்னதன் அர்த்தம் ஆன்ட்ரூஸுக்குப் பிடிபடவில்லை. ஜெயித்ததாக நினைத்துத் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். கிளீட்டஸுக்குப் பிடிபட்டது. மூச்சை அடக்கி மூன்று தடவை தட்டினார். மூன்றுக்குமேல் தட்டத் தெம்பில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கொச்சியிலிருந்து கவர் வந்தது. கோடு இல்லை. பெரிதாகப் போட்ட படத்தையும் நெகட்டிவையும் கொண்டுபோய்க் குளோரியின் கையில் கொடுத்தார். அவள் அதை முன்னறையில் மாட்டினாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றார்கள். ஒருபுறம் பதினெட்டுப் பேர். தலைமாட்டில் ஒருவருமில்லை, அந்த இடைவெளி வழியாகப் பந்தலின் நீலத் தார்ப்பாயும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் தெரிந்தன. இது யாருக்கு விட்ட இடம் என்று அந்தக் கரையில் ஒருத்தருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு கிளீட்டஸிடம் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி வந்தவர்களிடம் அவர், இனி அது இல்லையென்று சொன்னார். திட்டினார்கள். டிஜிட்டலில்தான் எடுக்கிறார், ஆனால் சேர்ப்பதில்லை. சாவு வீட்டு வேலையில் பாதி மார்த்தாண்டத்துக்காரர்களிடம் போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்கு ரெனிஷ் வந்தான். புதுவருடத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்டுடியோ வாசலில் பைக்கை நிறுத்தினான். உள்ளே வந்து தன் போனை நீட்டினான். அதே படம். தலைமாட்டில் வெள்ளைச் சட்டையோடு அவன்.

"மார்த்தாண்டத்துல ஒருத்தன் செஞ்சு தந்தான்."

கிளீட்டஸ் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கான்."

"எங்க மாட்டுகது அண்ணே? எனக்க வீட்டுல மாட்டுனா, அக்காவுக்க வீட்டுல வேற படமில்லியா கெடக்குன்னு வாறவன் கேக்கான். கோவிலுக்குப் போனா எல்லாவனும் ஒரு மாதிரி பாக்கான். நீரு சொன்னா அக்கா கேப்பா. அதைக் கழட்டச் சொல்லும்."

நாலு மாதமாக அடைத்து வைத்திருந்தது கிளீட்டஸுக்குப் பொங்கி வந்தது. "ஏலே, நீ எனக்குப் படம் அனுப்புன அன்னைக்கு ஒனக்க அம்மை கஞ்சி குடிச்சா. ரெண்டு கரண்டி. நான் கண்ணால கண்டேன். என்னைப் பாத்து ரெனிஷான்னு கேட்டா. நீ அங்க துக்கத்துக்குச் சட்டை போட்டு நிக்குத."

ரெனிஷின் முகம் வெளிறியது. போனை வைத்திருந்த கை கீழே இறங்கியது. "எல்லாவனும் செய்யதுதான நானும் செஞ்சேன்" என்றான்.

"செஞ்ச. சொல்லித் தந்தவன் நான். அதுக்கு நான் பாவசங்கீர்த்தனம் செய்தாச்சு. நீ சாமியாருகிட்டப் போண்டாம். அக்காகிட்டப் போ."

"அவ கதவு தொறக்கமாட்டா."

"தட்டுனியா?"

ரெனிஷ் வாசலில் நின்ற பைக்கைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் படத்த நீ கண்டியா? சுவத்துல தொங்குகத?"

"ஜெனித் போன்ல எடுத்து அனுப்புனான். அதுலேந்துதான் இத செஞ்சது." ஜெனித் குளோரியின் மகன்.

அவன் ஊருக்கு வந்து ஒன்பது நாளாகியிருந்தது. மூன்று தெரு தள்ளியிருந்த அக்காள் வீட்டுப் படியை இன்னும் மிதிக்கவில்லை. தாய் ஏழு வருடம் கிடந்த கட்டில் இன்னும் அந்த முன்னறையில்தான் கிடந்தது.